லட்டு விரதம் இருக்கு

நாய் சாப்பிட மாட்டேங்குதுன்னு போன்ல நீ அழுத அழுகையைக் கேட்டுட்டு உங்க பெரியம்மா மாரியாத்தாளுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டா தாயி. வீட்டுல யாரோ பெரிய மனுசருக்கு ஆகாமப் போச்சுன்னு நெனச்சுட்டா. அப்புறம் நான்தான் வெளக்கிச் சொன்னேன். யாரும் படுத்த படுக்கையாக் கெடக்கல. பெருங்குடியில நாலாவது மாடியில அஞ்சு கிலோ நாய் ஒண்ணு நடுவீட்டுல உண்ணாவிரதம் இருக்கு, பேச்சுவார்த்தைக்கு என்னையக் கூப்பிடுறாகன்னு. மாவிளக்கைத் திருப்பி வாங்கிக்கிறலாமான்னு அவ யோசனையில இருக்கா.

இருக்கட்டும். நான் டாக்டர் இல்ல. மாட்டாஸ்பத்திரியில மாட்டோட மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, டாக்டரு ஊசி போடுற வரைக்கும் அது காதுல ‘ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா’ன்னு பொய் சொல்லி நின்ன ஆளு. அங்க படிச்ச பாடம் ஒண்ணு உண்டு. ‘மூணு நாளாத் தீனியே எடுக்கல சாமி’ன்னு மாட்டுக்காரன் வாயில அடிச்சுக்கிட்டு நிப்பான். டாக்டரு அவன் வாயைப் பாக்க மாட்டாரு. மாட்டுக்குப் பின்னாடி போயிச் சாணியைப் பாப்பாரு. கணக்குப்புத்தகம் அங்கதான் இருக்கும். அதான் நீ மூக்கைச் சிந்தி முடிச்சதும் கேட்டேன், லட்டு வெளிக்குப் போகுதான்னு. ‘காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதெல்லாம் கரெக்டாப் போகுது பெரியப்பா’ன்ன. வாரம் பூரா ஒண்ணும் திங்காத நாய் ரெண்டு வேளையும் எதைத் தாயி போகுது? எடை எப்படின்னேன். போன மாசத்துக்கு முந்நூறு கிராம் ஏறியிருக்குன்ன. காத்தைக் குடிச்சுக் கனம் ஏறுற நாயை உலகத்துலயே நீதான் வளக்குற. வேப்பேரியில 1903லேர்ந்து மாட்டு டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் நடக்கு. ஒரு நாள் தூக்கிக்கிட்டுப் போயிக் காட்டு, அதிசயப்பட்டுப் போவாக.

நீ வாட்சாப்புல அனுப்புன வீடியோவையும் பாத்தேன். நீ லட்டுவைப் பாத்து அழுத. நான் லட்டு உன்னைப் பாக்குறதைப் பாத்தேன். கிண்ணத்துக்கிட்ட வருது. மூக்கை விட்டு ஒரு மோப்பம். பாக்கெட் தீனியில ஒரே ஒரு உருண்டையை முன்பல்லுல அலுங்காமக் கவ்வுது. அப்படியே நடந்து போயி, சோபாவுக்கு முன்னாடி போட்டிருக்கிற விரிப்புல அதை வைக்கிது. வச்சுட்டு உருண்டையைப் பாக்கல, உன் மூஞ்சியைப் பாக்குது. நீ ‘அச்சச்சோ, செல்லத்துக்குப் பிடிக்கலையா’ன்னு குரல் குடுக்குற. வாலு ரெண்டு ஆட்டு ஆடுது. பெறகு பிரிட்ஜு கதவு தொறக்குற சத்தம் கேக்குது. அப்ப அதோட காது ரெண்டும் மட்டும் அந்தப் பக்கம் திரும்புது, ஒடம்பு அசையல. எனக்கு எந்திரிச்சு நின்னு கும்பிடணும்போல இருந்துச்சு. எங்க ஆபீசுல மேலதிகாரிக்கிட்ட லீவு வாங்கத் தெரியாத எத்தனையோ பேரு இருந்தான், அவனுகளை இந்த நாய்க்கிட்ட அனுப்பியிருக்கலாம்.

அதே வீடியோவுல மாப்பிள்ளை முட்டி போட்டுக் குனிஞ்சு, கிண்ணத்துல வாயை வச்சு ‘ஆம், ஆம்’னு தின்னு காட்டுறதும் இருக்கு. அதை வேற யாருக்கும் அனுப்பிறாத. கம்பெனியில முப்பது பேருக்கு மேலதிகாரின்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தோம்.

சரி, வெசாரணைக்கு வாறேன். உன்கிட்டக் கேட்டுப் பயனில்லன்னு பொடியனைத் தனியாப் போனை வாங்கச் சொன்னேன். சின்னப் பிள்ளைக பொய் சொல்லாது. ஊருக்கு வந்தா சாத்தூர்ச் சேவு வாங்கித் தாறேன்னு சொன்னா நெசத்தை இன்னும் வெளக்கமாச் சொல்லும். அவன் குடுத்த வாக்குமூலம் இது. விடியக்காலம் காபி குடிக்கையில அப்பா ரெண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டு. எட்டு மணிக்கு அப்பத்தா ஒரு இட்லி, நெய் தொட்டு. வேலைக்கு வர்ற அம்மா பாத்திரம் வெளக்கப் போகும் முன்னாடி ரெண்டு பிஸ்கட்டு. கீழ நடக்கப் போனா வாட்ச்மேன் ரஸ்க்குல பாதி. அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு சீஸ் துண்டு. ‘நீ என்னடா குடுப்ப’ன்னு கேட்டதுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அதுக்கப்புறம்தான் சீஸு வந்துச்சு.

இப்ப நீ கம்ப்யூட்டர் படிச்சவ, கணக்கைப் போடு. அஞ்சு கிலோ நாய், குட்டி போடாம ஆபரேசன் பண்ணுனது, மெத்தையை விட்டு எறங்காதது. அதுக்கு ஒரு நாளைக்கு 300லேர்ந்து 350 கலோரி வந்தா ஏதேஷ்டம். பிஸ்கட்டு ஒண்ணு ஏறக்குறைய 25. நாலுக்கு 100. இட்லியும் நெய்யுமா இன்னொரு 100. சீஸு 60. ரஸ்க்கு ஒரு 20. பொழுது சாயறதுக்குள்ள 280 உள்ள போயிருச்சு. அதுக்குப் பெறகு நீ ஆபீசு முடிச்சு வந்து, ‘காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல என் தங்கம்’னு கிண்ணத்தை நீட்டுற. அது என்ன செய்யும்? மரியாதைக்கு ஒரு உருண்டையை எடுத்து விரிப்புல வைக்கிது. ஒரு பிஸ்கட்டுதானேன்னு நீ சொல்லுவ. அதோட ஒடம்புக்கு ஒரு பிஸ்கட்டுங்கிறது உன் ஒடம்புக்கு ரெண்டு, ரெண்டரை இட்லி. விடியக்காலம் காபியோட மாப்பிள்ளை ‘சும்மா’ குடுக்கிறது அஞ்சு இட்லி.

‘மாமா, நாய் ஓநாய் வம்சம், அதுக்குக் கறிதான் ஒத்துக்கும், அதான் பாக்கெட் தீனி பிடிக்கல’ன்னு மாப்பிள்ளை பின்னாடி இருந்து குரல் விட்டாக. மாப்பிள்ளை சொன்னா மறுத்துப் பேசக் கூடாது. ஆனா 2013ல சுவீடன் பக்கத்து ஆராய்ச்சிக்காரங்க ஓநாயையும் நாயையும் பக்கத்துல வச்சு மரபணுவைப் பாத்துட்டு, மாவுச்சத்தைச் செரிக்கிற கூறு நாய்க்கு ரொம்பக் கூடன்னு எழுதிப்புட்டாக. மனுசன் போட்ட சோத்தைத் தின்னு தின்னு வந்த வகையறா. எங்க பக்கத்துக் கன்னி நாயும் சிப்பிப்பாறையும் கம்மங்கஞ்சியும் கேப்பைக்கூழும் குடிச்சுத்தான் முயலை வெரட்டுச்சு. ராஜபாளையத்து நாய்க்கு 2005ல தபால்தலையே போட்டாக. அதுவும் கூழுல மோரை ஊத்தி வச்சா நக்கி நக்கிக் கும்பாவைப் பளபளன்னு ஆக்கிட்டுப் போற சாதிதான். உடனே லட்டுவுக்குக் கூழ் காய்ச்சிறாத. அதுக காடு கரையெல்லாம் ஓடுன ஓட்டத்துக்குப் பசிச்சுது. உன் நாய் லிப்டுல எறங்கி லிப்டுல ஏறுது.

பாக்கெட் தீனியை ஏளனமாப் பேசுற ஆளும் நான் இல்ல. 1860 வாக்குல அமெரிக்காவுல இருந்து லண்டனுக்கு இடிதாங்கி விக்கப் போன ஜேம்ஸ் ஸ்பிராட்டுன்னு ஒருத்தரு, துறைமுகத்துல கப்பல்காரங்க வீசுன கல்லு ரொட்டியை நாய்க அடிச்சுப்பிடிச்சுத் திங்கிறதைப் பாத்துட்டு நாய் பிஸ்கட்டு யாவாரம் ஆரம்பிச்சாருன்னு சொல்லுவாக. இடிதாங்கி எத்தனை வித்தாரோ தெரியாது, இந்த யாவாரம் இன்னைக்கு உன் சம்பளத்துல ஒரு பங்கை வாங்குது. அந்தத் துறைமுகத்து நாய்க்கு ‘சால்மன் மீன் வாசனை, பூசணி கலந்தது’ன்னு எவனும் படிச்சுக் காட்டல.

நீ லட்டுவுக்கு ‘உக்காரு’, ‘கை குடு’ன்னு வித்தை பழக்கியிருக்கன்னு பெருமையாச் சொன்ன. அது உனக்குப் பழக்குனதை எண்ணிப் பாத்தியா? மூஞ்சியைத் திருப்புனா முட்டை வரும். கிண்ணத்தைக் காலால தள்ளுனா அவிச்ச கோழி வரும். கோழியையும் மோந்து பாத்துட்டு மெத்தைக்கடியில போயிப் படுத்தா, மாப்பிள்ளை வண்டி எடுத்துக்கிட்டு ஈரல் வாங்கப் போவாக. இதுலயும் நீ ஒரு நியாயஸ்தி. தினமும் குடுத்தாக் கூடச் சலிச்சுப் போயிருக்கும். ஒரு நாள் உடனே குடுக்குற. மறுநாள், ‘இன்னைக்குக் கண்டிப்பா இருக்கப் போறேன்’னு முக்கா மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு அப்புறம் குடுக்குற. அது கண்டிப்பு இல்ல தாயி. முக்கா மணி நேரம் பொறுத்தாக் கோழி உண்டுன்னு சொல்லிக் குடுக்குற. லாட்டரிச் சீட்டுல இன்னைக்கு விழலன்னா நாளைக்கு விழும்னு எங்க ஊர்ல ஆட்டுக்குட்டியை வித்துச் சீட்டு வாங்குனவனெல்லாம் இருந்தான். கவர்மெண்டு 2003ல அதை ஒழிச்சுக்கட்டிருச்சு. உங்க வீட்டுல மட்டும் தெனம் ரெண்டு குலுக்கல் நடக்கு.

இந்த எடத்துல கேலியை நிறுத்திக்கிறேன். ஒண்ணு ரெண்டு விசயத்துல விளையாடக் கூடாது.

எப்பவும் நல்லாத் தின்னுக்கிட்டு இருந்த நாய் திடீர்னு நிறுத்துனா அது வீம்பு இல்ல, நோவு. நம்ம ஊர் வெயிலுக்கு முதல் சந்தேகம் உண்ணிக்காய்ச்சல். காதுக்கு உள்பக்கம், கால்வெரலுக்கு எடையில, வாலுக்கு அடியில மயிரை வெலக்கிப் பாரு. இந்தச் சடைநாய்க்கு மயிரு மறைச்சிரும், நீ சீப்பு போட்டுச் சீவுறது மேலாப்புல மட்டும். ஈறு வெளுத்திருந்தா, மூக்குல ரத்தம் தட்டுப்பட்டா, ஒடம்பு அனலாக் கொதிச்சா, ராவோ பகலோ தூக்கிக்கிட்டு ஓடு. அடுத்தது பல்லு. சின்ன நாய்க்கு வாய் சிறுசு, ஆனா 42 பல்லும் அதுக்குள்ளதான் இருக்கணும். நெருக்கியடிச்சு நிக்கிறதால காரை ஏறி, ஈறு வீங்கி, வாய் நாறும். கிண்ணத்துக்கிட்ட ஆசையா வந்து, உருண்டையை வாயில எடுத்து, கடிக்கும் போது கீழ போட்டுட்டுத் தலையைச் சாச்சுதுன்னா பல்லைக் காட்டு. உன் லட்டு விரிப்புல வைக்கிறது வேற வகை. அடுத்த நிமிசம் முறுக்கைக் கடகடன்னு கடிக்குதே, பல்லு நோவு உள்ளவக முறுக்கு கேப்பாகளா?

வாந்தி, பேதி, தண்ணியும் வேண்டாம்ங்குது, சோர்ந்து சுருண்டு கெடக்குன்னா என்கிட்டப் போன் போட்டு நேரத்தை ஓட்டாத. நாலு மாசத்துக்கு உள்பட்ட குட்டியா இருந்தா இந்தப் பெரியப்பன் சொல்லப் போற பட்டினி வைத்தியம் எதுவுமே ஆகாது. சின்ன சாதிக் குட்டிக்கு வயித்துல ஒரு வேளைக்குத் தாங்குற சரக்குத்தான் இருக்கும். சத்து எறங்கிச்சுன்னா நடுங்கிச் சாஞ்சிரும். அதுக்கு நாளைக்கு மூணு நாலு தடவை பிரிச்சுப் பிரிச்சுத்தான் வைக்கணும். லட்டுவுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. போன வாரம் டாக்டரு பாத்து ‘கல்லுக்குண்டாட்டம் இருக்கு’ன்னு சொல்லிட்டாரு. அதனால அது மாட்டுது என் கையில.

அதுக்காக நாய் பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தத் தீனி மூட்டை எத்தனை கிலோன்னு கேட்டேன். தள்ளுபடியில வந்துச்சுன்னு 10 கிலோ வாங்கியிருக்காக மாப்பிள்ளை. நாளைக்கு 80 கிராம் திங்கிற நாய்க்கு 10 கிலோங்கிறது நாலு மாசத்துச் சரக்கு. வாயைத் தொறந்து, கிளிப்பு மாட்டி, பால்கனியில வச்சிருக்க. சென்னைக் காத்துல அந்தக் கொழுப்பு சிக்கு வாடை அடிக்காம என்ன செய்யும்? நம்ம மூக்குக்குத் தெரியாது. நமக்கு நாக்குல ருசி மொட்டு 9,000 வாக்குல, நாய்க்கு 1,700தான். ஆனா மோப்பத்துல அது நம்மளைக் கூட்டி வச்சு ஏலம் விட்டுரும். சாப்பாட்டை அது மூக்காலதான் திங்கிது. மூட்டையை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துத் தெருநாய்க்குப் போடவும் சொல்லாத, கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான். ஒண்ணு, ஒண்ணரை கிலோ பையா வாங்கு. மாசத்துக்குள்ள தீரணும். அந்தப் பையோட அப்படியே மூடி போட்ட டப்பாவுல வச்சு, வெயில் படாத எடத்துல வையி.

கிண்ணமும் அப்படித்தான். படம் போட்ட ஆழக் கிண்ணம். மூஞ்சி சப்பையா இருக்கிற நாய் அதுக்குள்ள தலையை விட்டா முட்டுறது மூக்கு, எட்டாதது தீனி. தட்டையா, ஓரம் தாழ்ந்த தட்டு ஒண்ணு போதும். வைக்கிற எடம் வாசிங் மிசினுக்குப் பக்கத்துல. அது சுத்தி முடிச்சு எகிறிக் குதிக்கையில நானே சோத்தைப் போட்டுட்டு ஓடிருவேன்.

இப்ப வைத்தியம். கேட்டா ‘இவ்வளவுதானா’ம்ப. செய்யப் போனா ரெண்டாம் நாளே எனக்குச் சாபம் குடுப்ப.

காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கையில தூக்கிக்கிட்டுப் போறதுக்குப் பேரு நடை இல்ல. வந்து கொஞ்சம் ஆறுனதும் அந்த வேளைக்கான 40 கிராமைத் தட்டுல போடு. ரெண்டு கரண்டி வெதுவெதுன்னு தண்ணியை ஊத்தி, வெரலை விட்டுப் பாரு. வெரல் சூட்டுக்கு இருந்தா வாசம் எழும்பும், அதுக்கு மேல போனா நாக்கு சுடும். வச்சுட்டு எந்திரிச்சுப் போயிரு. பாட்டுப் பாடக் கூடாது. ஆகாசக்கப்பல் விடக் கூடாது. ‘இது அம்மாவுக்கு ஒரு வாய், இது அப்பாவுக்கு ஒரு வாய்’னு சொந்தக்காரக பேரை எல்லாம் இழுக்கக் கூடாது. என் பேரைச் சொன்னப்ப அது மூஞ்சியைத் திருப்புனதை வீடியோவுல பாத்தேன். கால் மணி நேரம், மிஞ்சிப்போனா இருபது நிமிசம். தட்டு காலியோ, மிச்சமோ, எடுத்துரு. கோவமும் காட்டாத, கொஞ்சவும் செய்யாத. தண்ணி மட்டும் நாள் பூரா இருக்கணும். அடுத்த வேளை வரைக்கும் கடை சாத்தியாச்சு.

முத நாள் லட்டு உன்னை நம்பாது. இதுவும் அந்த முக்கா மணி நேரக் கண்டிப்புதான்னு நெனச்சுக்கிட்டு மெத்தைக்கடியில போயிப் படுக்கும். ராத்திரி நீ சாப்பிடுறப்ப காலுக்குக் கீழ உக்காந்து ஒரு பெருமூச்சு விடும் பாரு, கல்லும் கரையும். மறுநாள் காலையில மஞ்சளா நுரை கக்குனாலும் கக்கும். வெறும் வயித்துல பித்தம் மேல வந்தா சின்ன நாய்க்கு அப்படி வரும். ஒரு தடவை கக்கிட்டுச் சுறுசுறுப்பாத் திரிஞ்சாப் பயமில்ல, ராத்திரித் தட்டைக் கொஞ்சம் பிந்தி வையி. திரும்பத் திரும்பக் கக்குனாலோ, சொணங்குனாலோ, ஒரு நாள் முழுசும் ஒரு வாய் எடுக்கலைன்னாலோ டாக்டரைப் பாத்துரு. பெரும்பாலும் அதுக்குள்ளயே அது தட்டுக்கிட்ட வந்து, யாரும் பாக்கலையான்னு திரும்பிப் பாத்துட்டு மெல்ல ஆரம்பிக்கும். அப்பப் போயி ‘அய்யோ என் தங்கம் சாப்பிடுதே’ன்னு கத்திக் கைதட்டிறாத. உடனே நிறுத்திட்டுத் தட்சணை கேக்கும்.

அந்த ரெண்டு நாள்ல தோக்கப் போறது நாயும் இல்ல, நீயும் இல்ல, மாப்பிள்ளைதான். நீ அடுப்படியில கண்டிப்பா நிப்ப. அவுக பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் பிஸ்கட்டு குடுப்பாக. வீட்டுல இருந்து வேலை பாக்குற நாளைத் தள்ளி வச்சுட்டு ரெண்டு நாள் ஆபீசுக்குப் போகச் சொல்லு. கெஞ்ச வேண்டாம். லட்டுவோட எடை முந்நூறு கிராம் ஏறுன சீட்டையும் மாப்பிள்ளையோட எடைச் சீட்டையும் பிரிட்ஜு கதவுல பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வையி. தானாக் கெளம்புவாக.

சம்பந்தியம்மா விசயந்தான் சங்கடமானது. நீ பாட்டுக்கு, ‘அத்தை, இனிமே இட்லி குடுக்காதீங்க’ன்னு சொல்லிக்கிட்டுப் போயி நின்னன்னா, நாய் சாப்பிட ஆரம்பிச்சிரும், அவுக நிறுத்திருவாக. அதுக்கு நான் மத்தியஸ்தத்துக்கு வர முடியாது. அதுமட்டுமில்ல, நீங்க மூணு பேரும் காலையில கெளம்பிப் போயிட்டா அந்த வீட்டுல பேச்சுத்துணை அவுகளுக்கு லட்டு, லட்டுவுக்கு அவுக. இட்லியில பாதியைப் பிச்சுக் குடுக்கிறதுதான் அந்தப் பேச்சு. அதை நிறுத்தச் சொல்ல உனக்கும் எனக்கும் என்ன பாத்தியதை இருக்கு?

அதனால திருட்டு நடக்கிற எடத்துல திருடுனவக கையிலயே சாவியைக் குடுத்துரு. காலையில எந்திரிச்சதும் அன்னைக்கு லட்டுவுக்கு உண்டான மொத்தத் தீனியையும் தராசுல அளந்து ஒரு சின்ன டப்பாவுல போடு. அதை ரெண்டு கையாலயும் அவுககிட்ட நீட்டி, ‘அத்தை, எனக்கு இந்த நாய் அடங்க மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தான் கேக்குது. இனிமே இதோட சாப்பாடு உங்க பொறுப்பு. பிள்ளை கேட்டாலும் உங்க மகன் கேட்டாலும், இந்த டப்பாவுல இருந்துதான் எடுத்துக் குடுக்கணும்’னு சொல்லு. அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து அந்த வீட்டுல அவுக மகனே ஒரு உருண்டைக்குக் கணக்குச் சொல்லணும். வேலைக்கு வர்ற அம்மா பிஸ்கட்டை எடுத்தா, ‘டப்பாவுல இருந்து குடு’ன்னு சத்தம் வரும். நாய்க்குக் கையில இருந்து வாங்குற சந்தோசமும் போகல, கலோரியும் ஏறல. பிஸ்கட்டு, நெய்யி, சீஸுன்னு மேல்தீனி எதுவா இருந்தாலும் மொத்தத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. லட்டுவுக்கு அது ஒரு நாளைக்கு ஒரு பிஸ்கட்டு, கூடப்போனா ஒண்ணேகால். அந்த ஒண்ணேகாலையும் சம்பந்தியம்மா கையால குடுக்கட்டும், சர்க்காரு மரியாதையோட.

அவுக காதுல போடவேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையும் புத்தி சொல்றதாச் சொல்லாத, டாக்டரு பேரைச் சொல்லிப் போட்டு வையி. சாம்பார்ல கெடக்கிற சின்ன வெங்காயம், ரசத்துல தட்டிப் போட்ட பூண்டு, ரெண்டும் நாயோட ரத்தத்துச் சிவப்பணுவை உடைக்கும். தயிர்சோத்தைச் சாம்பார்க் கரண்டியால போட்டாலே அதுல வெங்காயம் ஒட்டிக்கிட்டு வந்துரும். வெள்ளிக்கிழமை கேசரியில திராட்சை கெடக்கும், அது சிறுநீரகத்துல கை வைக்கும். பொடியன் சாக்லேட்டும், மாப்பிள்ளை சட்டைப்பையில இருக்கிற சர்க்கரை இல்லாத சூயிங்கமும் தரையில விழக் கூடாது. அதுல சைலிட்டால்னு ஒண்ணு சேத்திருந்தா நாய்க்கு அது வெசம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாப் பிளக்கும், குடலைக் கிழிச்சாக் கத்தி வைக்க வேண்டியதுதான்.

‘பாக்கெட்டை விட்டுட்டு வீட்டுச் சோறே போட்டா என்ன பெரியப்பா’ன்னு நீ கேப்ப. போடலாம். ஆனா சோறும் கோழியும் மட்டும் பெனைஞ்சு வருசக்கணக்காப் போட்டா சுண்ணாம்புச்சத்து பத்தாம எலும்பு வீணாப் போகும். டாக்டரு எழுதிக் குடுத்த அளவுக்குப் போட்டாத்தான் அது சாப்பாடு, இல்லைன்னா வெஞ்சனம். தீனியை மாத்துறதா இருந்தாலும் ஒரே நாள்ல மாத்தாத. ஒரு வாரம், பத்து நாள் எடுத்து, பழசைக் கொறச்சுப் புதுசைக் கூட்டிக்கிட்டே போ. லட்டு வேண்டாம்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் பிராண்டை மாத்தி, அடுப்படி அலமாரியில அரைப்பை அரைப்பையா நிக்கிது பாரு, வயித்தைக் கலக்குனது அதுதான். போன மாசத்துப் பேதிக்கு நீ சாமியைத் திட்டுன.

கோழி கலந்து குடுக்கணும்னு மனசு அடிச்சுக்கிட்டா, மேலாப்புல தூவாத. தூவுனா அரிசியில கல் பொறுக்குற பொம்பளை தோத்தா, அப்படிப் பொறுக்கிக் கோழியைத் தின்னுட்டு உருண்டையை வரிசை கட்டி வச்சுட்டுப் போயிரும். ஒரு சிட்டிகை ஈரலை அவிச்சு, மசிய நசுக்கி, தண்ணியில கரைச்சு, தீனி மேல ஊத்திப் பெரட்டி விட்டுரு. ஒவ்வொரு உருண்டையிலயும் வாசம் ஏறி நிக்கும். எதைப் பொறுக்கும்? ஆனா தெனம் ஈரல் கூடாது, ஈரல்ல இருக்கிற சத்து அளவு மீறுனா அதுவே வெனை.

ஞாயித்துக்கிழமை நானும் உங்க பெரியம்மாவும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்குறோம். அதுக்குள்ள லட்டு வழிக்கு வந்திருக்கும். வரலைன்னா தட்டை நான் வைக்கிறேன், கொஞ்ச ஆள் இல்லாத எடத்துல எந்த நாயும் கோவிச்சுக்கிறாது. கடைக்குப் போனா அரைக்கிலோ ஆட்டு ஈரல் வாங்கிரு. லட்டு பங்குக்கு உப்பில்லாம அவிச்சு நகக்கண் அளவு எடுத்து வச்சுட்டு, மிச்சத்தைச் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு எல்லாம் தூக்கலாப் போட்டு எனக்கு வறுத்துரு. அந்தத் தராசை மட்டும் நான் வர்ற அன்னைக்குப் பரணுல ஏத்திப் போடு. இப்ப இருக்கிற வேகத்துக்குச் சம்பந்தியம்மா எனக்கும் டப்பாவுல அளந்து வச்சாலும் வச்சிருவாக.